எலும்புக்கு முளைக்கீரையா, கைலானா?

வந்த கேள்வியின் சுருக்கம் இது: "எனக்கு 46 வயது. சிங்கப்பூரில் ஈசூனில் மாமனார், மாமியாரோடு இருக்கிறோம். போன மாதம் எடுத்த பரிசோதனையில் எலும்பு அடர்த்தி குறைவு, இரும்புச்சத்தும் குறைவு என்றார்கள். பால் குடித்தால் எனக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. 'தினமும் முளைக்கீரை ஆக்கு, பாலே வேண்டாம்' என்கிறார் மாமியார். சீனர் சமையலில் வரும் கைலான்தான் நல்லது என்கிறார் கணவர். இணையத்தில் பார்த்தால் கீரையில்தான் கால்சியம் இரண்டு மடங்கு இருக்கிறது. மாமா ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்குப் பச்சைக் காய்கறியே ஆகாது என்று வேறு ஒருவர் பயமுறுத்துகிறார். எதை வாங்குவது அக்கா?"

மாமியார் சொன்னதில் பாதி சரி, கணவர் சொன்னதில் முக்கால்வாசி சரி, மாமாவைப் பற்றிச் சொன்னவர் சொன்னது தப்பு. எலும்பை நினைத்து வாங்குவதென்றால் கைலான் வாங்குங்கள். இரும்புக்குக் கீரை ஒரு படி மேல். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் உணவியல் ஆலோசனை சொல்லி வருகிறேன். இந்த ஒரு விஷயத்தில்தான் நன்கு படித்தவர்களும் அட்டவணையைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஈரச்சந்தைகளில் 'ஸ்பினாச்' என்று அட்டை எழுதி வைத்திருப்பது பெரும்பாலும் ஸ்பினாச்சே அல்ல. மலாய்க்காரர்கள் பாயம் என்று சொல்லும் கீரை அது. நம்முடைய முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை எல்லாம் அதே அமராந்தஸ் குடும்பம்தான். குளிர் நாடுகளில் விளையும் ஸ்பினாச் வேறு செடி. வேடிக்கை என்னவென்றால் நம் பசலை இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது செடி. ஆக, ஸ்பினாச் என்று இணையத்தில் தேடி வருகிற எண்களை வைத்துக்கொண்டு தேக்காவில் வாங்கிய முளைக்கீரைக்குக் கணக்குப் போட்டால் முதல் வரியிலேயே தப்பு வந்துவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குக் கைலான் தெரியாது. இலை தடித்து, கரும்பச்சையாக, மேலே மாவு தடவியதுபோல் ஒரு சாம்பல் பூச்சோடு இருக்கும். தண்டு விரல் பருமன். சில கட்டுகளில் நுனியில் வெள்ளைப் பூமொட்டும் இருக்கும். லேசான கசப்பு உண்டு. உணவங்காடி நிலையத்தில் சிப்பிச் சாறு ஊற்றித் தட்டில் வைத்துத் தருவார்களே, அதுதான். தாவரவியல்படி இது முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி எல்லாவற்றுக்கும் உடன்பிறப்பு. எல்லாமே ஒரே இனம். மேல்நாட்டில் கொண்டாடுகிற கேல் கீரையும் அதே இனம்தான். அந்தக் கேலைக் குளிர்பெட்டியில் வைத்துச் சொல்லும் விலையைப் பார்க்கும்போதெல்லாம், ஐந்தடி தள்ளிக் குவித்துக் கிடக்கும் கைலானைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, எண்களுக்கு வருவோம். அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி, வெந்த முளைக்கீரை 100 கிராமில் கால்சியம் 209 மில்லிகிராம், இரும்பு 2.26 மில்லிகிராம். வெந்த கைலான் 100 கிராமில் கால்சியம் 100 மில்லிகிராம், இரும்பு வெறும் 0.56. நம் சுகாதார மேம்பாட்டு வாரியம் ஒரு பரிமாறல் என்று சொல்வதும் வெந்த காய் 100 கிராம், அதாவது முக்கால் குவளைதான். அதனால் ஒரு தடவை தட்டில் விழுகிற அளவு இது என்றே வைத்துக்கொள்ளலாம். நீங்கள் பார்த்த 'இரண்டு மடங்கு' இங்கிருந்துதான் வருகிறது. எண் பொய் இல்லை. ஆனால் அது இலைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்கிறது. குடலைத் தாண்டி ரத்தத்துக்கு எவ்வளவு போகிறது என்பதைச் சொல்லவில்லை.

முளைக்கீரை மசியல் சாப்பிட்டு முடித்ததும் பல்லில் நாக்கை ஓட்டிப் பாருங்கள். ஒரு சொரசொரப்பு, லேசான கூச்சம் தெரியும். அதுதான் ஆக்ஸாலிக் அமிலத்தின், அதாவது ஆக்ஸாலேட்டின் வேலை. முளைக்கீரையிலும் ஸ்பினாச்சிலும் அது ஏராளம். இந்த அமிலம் கால்சியத்தைக் கண்டால் விடாது. கட்டிப் பிடித்துக் கரையாத துகளாக்கிவிடும். கரையாததை நம் குடல் எடுத்துக்கொள்ளாது. வந்த வழியே வெளியே போய்விடும். கீரையில் கால்சியம் இருக்கிறது, ஆனால் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது.

இதை ஊகத்தில் சொல்லவில்லை. அமெரிக்காவில் ராபர்ட் ஹீனி, கானி வீவர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த ஒரு கேள்வியைப் பல வருடம் துரத்தியிருக்கிறார்கள். வளரும்போதே கால்சியத்தில் அடையாளம் ஏற்றிய ஸ்பினாச்சை மனிதர்களுக்குக் கொடுத்து, அது ரத்தத்துக்கு வருகிறதா என்று அளந்தார்கள். 1988இல் வெளியான முடிவு: பாலிலிருந்து 27.6 விழுக்காடு கால்சியம் உடம்பில் சேர்ந்தது, ஸ்பினாச்சிலிருந்து 5.1 விழுக்காடுதான். இரண்டு வருடம் கழித்து ஆக்ஸாலேட் குறைவான கேலை அதேபோல் சோதித்தார்கள். பாலிலிருந்து 32.1 விழுக்காடு, கேலிலிருந்து 40.9. அதாவது கேல் பாலையே தாண்டிவிட்டது. அதன்பின் வீவர் குழு வெளியிட்ட அட்டவணை ஒன்றில் 'சீனக் கீரை'க்கு 8 விழுக்காட்டைச் சற்றே தாண்டும் எண் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பெயரில் சொல்வது பெரும்பாலும் பாயம் வகையைத்தான் என்பதால், நம் முளைக்கீரைக்கு நான் அந்த எண்ணையே பிடித்துக்கொள்கிறேன். கைலானுக்குக் கேலின் கணக்கு. ஒரே இனம், இரண்டிலும் ஆக்ஸாலேட் குறைவு என்பதால் அது நியாயமான கணக்குத்தான்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். முளைக்கீரை 209 மில்லிகிராமில் 8 விழுக்காடு சொச்சம், சுமார் 17 மில்லிகிராம். கைலான் 100 மில்லிகிராமில் 41 விழுக்காடு, சுமார் 41 மில்லிகிராம். காகிதத்தில் பாதியாக இருந்தது உடம்புக்குள் போகும்போது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு பெரிய குவளைப் பாலில் 300 மில்லிகிராம் கால்சியம் என்று வைத்தால், உடம்பில் சேர்வது 96 அளவில் வரும். அந்த 96ஐக் கைலானிலிருந்து எடுக்க வெந்த கைலான் 230 கிராம் சாப்பிட வேண்டும். அது இரண்டு வேளைச் சாப்பாட்டில் முடிகிற காரியம். முளைக்கீரையிலிருந்து எடுக்க அரைக் கிலோவுக்கு மேல் வெந்த கீரை வேண்டும், அதுவும் தினமும். மாமியார் எவ்வளவு ருசியாக மசித்தாலும் உங்களால் முடியாது.

என் அம்மா இப்படித்தான் இருந்தார். பால் பிடிக்காது, தயிர் எப்போதாவது, கீரை மட்டும் நாள் தவறாமல். 'இத்தனை கீரை சாப்பிடுகிறேன், எனக்கென்ன குறை' என்பார். 63 வயதில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். கையை ஊன்றியதுதான் தெரியும், மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஒருவரை வைத்துச் சட்டம் எழுத முடியாது. வயது, மாதவிடாய் நின்றது, வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தது என்று காரணங்கள் பல. இருந்தாலும் அன்றிலிருந்து கீரையில் கால்சியம் நிறைய என்று யாராவது சொன்னால் எனக்குச் சும்மா இருக்க முடிவதில்லை.

ஆக்ஸாலேட்டைக் குறைக்க வழி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால், கரையக்கூடிய ஆக்ஸாலேட்டில் கணிசமான பங்கு தண்ணீரோடு போய்விடும். காயைப் பொறுத்து 30 முதல் 87 விழுக்காடு வரை குறைந்ததை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆவியில் வேகவைத்தால் அவ்வளவு குறையாது. ஆனால் நாம் எப்படிச் சமைக்கிறோம்? கீரையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்துக் கடைகிறோம். சீனர் வீடுகளில் பாயம் சூப் வைத்து நீரையும் குடிக்கிறார்கள். இரண்டிலுமே ஆக்ஸாலேட் எங்கும் போகவில்லை; கரண்டி வழியாக வாய்க்குத்தான் வருகிறது. சரி, தண்ணீரைக் கொட்டினால்? பி வகை வைட்டமினான ஃபோலேட்டும் வைட்டமின் சியும் கூடவே போய்விடும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது.

அந்தப் பாயம் சூப்பில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருப்பதையும் சொல்ல வேண்டும். அதில் நெத்திலிக் கருவாடு போடுவார்கள். நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் முள்ளில் இருக்கும் கால்சியம் குடலுக்குள்ளேயே ஆக்ஸாலேட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஆக்ஸாலேட் ரத்தத்துக்குப் போய் சிறுநீரகத்துக்கு வருவது குறைகிறது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸாலேட் கற்கள்தான். எனவே கல் வந்தவர்கள் கால்சியத்தை ஒதுக்குவது தப்பு. கீரை சாப்பிடும் அதே வேளையில் தயிரோ நெத்திலியோ சேர்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம். நம் வீடுகளில் கீரையும் தயிரும் ஒரே நேரம் கூடாது என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். அது எங்கிருந்து வந்ததோ, கல் வந்தவர்களுக்கு நேர் எதிரான அறிவுரை அது. ஒன்று மட்டும்: கருவாட்டில் உப்பு அதிகம். நன்றாக ஊறவைத்து அலசிவிட்டு, அப்புறம் உப்புப் போடாமல் சமையுங்கள்.

இனி இரும்பு. இங்கே முளைக்கீரை கைலானைவிட நான்கு மடங்கு. இதில் மாமியாரின் பக்கம்தான் நான். ஆனால் காய்கறியில் இருக்கும் இரும்பு, இறைச்சியிலும் மீனிலும் இருக்கும் இரும்பைப்போல் எளிதாகச் சேராது. கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். ஏற்றுவது வைட்டமின் சி. கீரையை இறக்கிவைத்த பிறகு ஒரு லீமாவ் கஸ்தூரியை, அந்தச் சின்ன எலுமிச்சையை, பிழிந்துவிடுங்கள். கொதிக்கும்போது பிழிந்தால் பாதி வீண். இறக்குவது தேநீர். சாப்பிட்ட கையோடு காப்பிக் கடையில் ஒரு தே தாரிக் குடிப்பவர்களுக்கு, அந்த வேளைக் கீரையின் இரும்பில் உடம்பில் சேரக்கூடியது பாதிக்கு மேல் குறைந்துவிடும். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். கீரையின் வகையை மாற்றுவதைவிட இது அதிகப் பலன் தரும் என்பது என் அனுபவம்.

சிவப்புக் கீரை ரத்தம் ஊறும் என்று மாமியார் சொன்னால், சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சிவப்புக்கும் ரத்தத்துக்கும் உறவில்லை. பீட்ரூட்டில் இருக்கும் வகைச் சாயம்தான் அது. சோற்றை இளஞ்சிவப்பாக்கும், பிள்ளைகள் சண்டை போடாமல் சாப்பிடுவார்கள். அதற்காகவே வாங்கலாம்.

உங்கள் விஷயத்தில் கீரையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 46 வயதில் இரும்பு குறைந்திருக்கிறது என்றால், அது எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மாதவிடாயில் அதிகம் போகிறதா, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா, வயிற்றில் புண்ணா? பலதுறை மருந்தகத்தில் இதைக் கேளுங்கள். ஒழுகுகிற பானையில் கீரைச்சாற்றை ஊற்றி நிரப்ப முடியாது. மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்தால் அதைச் சாப்பிடுங்கள். கால்சியம் மாத்திரையும் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள், ஒன்றை ஒன்று தடுக்கும். நேரம் பிரித்துத் தரச் சொல்லுங்கள்.

மற்றச் சத்துகளை வேகமாகப் பார்த்துவிடலாம். ஃபோலேட்டில் கைலான் முன்னே: 100 கிராமில் 99 மைக்ரோகிராம், முளைக்கீரையில் 57. வீட்டில் பிள்ளை பெறும் வயதில் யாராவது இருந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சி அட்டவணையில் கீரைக்கு 41 மில்லிகிராம், கைலானுக்கு 28. ஆனால் இருபது நிமிடம் கொதித்துக் கடைந்த கீரையில் அந்த 41 இருக்கும் என்று நான் நம்பமாட்டேன். இரண்டு நிமிடம் வதக்கிய கைலானில் பெரும்பகுதி இருக்கும். வைட்டமின் ஏ கீரையில் கூடுதல்: கீரையில் 139 மைக்ரோகிராம், கைலானில் 82. ஒரு தேக்கரண்டி எண்ணெய் இல்லாமல் சமைத்தால் இரண்டிலும் அது சரியாகச் சேராது. நார்ச்சத்துக்காக இரண்டையும் தராசில் வைக்கத் தேவையில்லை, எது சாப்பிட்டாலும் நல்லது.

கைலான் குடும்பத்துக்கே உரிய சில கந்தகச் சத்துகள் உண்டு. அந்தக் கசப்பு அதனால்தான். தைராய்டு இருப்பவர்கள் சாப்பிடக்கூடாது என்று ஒரு பேச்சு சுற்றுகிறது. பச்சையாகக் கிலோக்கணக்கில் சாறு பிழிந்து குடித்தால் யோசிக்க வேண்டிய விஷயம். அயோடின் போதுமான அளவு கிடைப்பவர் சமைத்து ஒரு கிண்ணம் சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

இப்போது மாமா. கவனமாகப் படியுங்கள், உங்கள் வீட்டில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. வார்ஃபரின் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துகிறது. வைட்டமின் கே அதற்கு எதிராக வேலை செய்கிறது. வெந்த கைலான் 100 கிராமில் வைட்டமின் கே சுமார் 85 மைக்ரோகிராம். முளைக்கீரையின் பச்சை இலையில் 100 கிராமுக்கு 1,140. எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள். ஆனாலும் மாமா கீரையே தொடக்கூடாது என்பதில்லை. மருத்துவர் அவருடைய மாத்திரை அளவை, அவர் வழக்கமாகச் சாப்பிடும் சாப்பாட்டுக்கு ஏற்றபடி ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துச் சரிசெய்து வைத்திருப்பார். வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எப்போதும் வாரம் இரண்டு நாள். அதுதான் விதி. உங்களுக்காக மாமியார் திடீரென்று தினமும் கீரை ஆக்க ஆரம்பித்தால், அதே சட்டியிலிருந்து மாமாவுக்கும் பரிமாறுவார். மருந்தின் வேலை குறைந்து ரத்தம் கட்டி ஆகும் வாய்ப்பு வரும். திடீரென்று நிறுத்தினாலும் மறுபக்கம் ஆபத்து, ரத்தம் கசியும். இப்போது வருகிற அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற புதிய மருந்துகளுக்கு இந்தக் கீரைச் சிக்கல் கிடையாது. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் 'நானும் ரத்தம் இளக்கும் மாத்திரைதான் சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று சொன்னால் அதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது சிறுநீரகம் பலவீனம் என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் நீரிழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும், அது உள்ள வீடுகள் இங்கே நிறைய என்பதால் ஒரு வரி: பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு முளைக்கீரை ஒத்துவராது, 100 கிராமில் 641 மில்லிகிராம். கைலானில் 261. அவர்கள் கைலானையும் வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிடுவதே நல்லது.

கைலானுக்கு ஒரு குறை உண்டு. அது கைலானின் குறை அல்ல, சிப்பிச் சாற்றின் குறை. ஒரு மேசைக்கரண்டி சிப்பிச் சாற்றில் ஏறக்குறைய 490 மில்லிகிராம் சோடியம். நாளுக்கு 2,000க்குள் இருக்க வேண்டும் என்பது வரம்பு. 2022ஆம் ஆண்டு தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி இங்கே நாம் சராசரியாக 3,620 சாப்பிடுகிறோம். உப்பு கூடக் கூடச் சிறுநீரில் கால்சியமும் கூடுதலாக வெளியேறும். எலும்புக்காகக் கைலான் வாங்கி, அதன்மேல் இரண்டு கரண்டி சாறு ஊற்றினால் வலது கையில் வாங்கி இடது கையில் கொடுத்த மாதிரி. கடையில் வாங்கினால் சாற்றைத் தனியாகக் கேளுங்கள்.

வீட்டில் நம் முறையிலேயே ஆக்கலாம். தண்டின் அடிப்பகுதித் தோலைக் கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள், நார் போய்விடும். தண்டைச் சாய்வாக, மெல்லியதாக நறுக்கி, இலையைத் தனியாக வையுங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய் தாளித்து, நாலு பல் பூண்டு தட்டிப் போட்டு, முதலில் தண்டு. அது நிறம் மாறியதும் இலை. மூடி போடாதீர்கள், பழுப்படித்துவிடும். கடைசியில் ஒரு பிடி தேங்காய்ப்பூ. கசப்பு பிடிக்காதவர்களுக்குப் பாசிப்பருப்புக் கூட்டு. பருப்போடு சேர்ந்தால் கசப்பு அடங்கிவிடும். என் வீட்டில் தண்டை மட்டும் எடுத்து சாம்பாரில் போடுவேன். முருங்கைக்காய் கிடைக்காத நாளில் வந்த யோசனை, இப்போது பழக்கமாகிவிட்டது.

கைலானே அலுத்துப்போனால் சீனர் சமையலில் வரும் வேறு இரண்டு இலைக்காய்களான சாய் சிம், சியாவ் பாய் சாய் இரண்டும் வாங்கலாம். அவையும் ஆக்ஸாலேட் குறைந்தவை, கால்சியத்தைத் தாராளமாக விட்டுக்கொடுப்பவை. காங்கோங், அதாவது வள்ளைக்கீரை பற்றிக் கேட்பீர்கள்: சம்பலோடு சாப்பிட ருசி, ஆனால் எலும்புக்காக நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. முருங்கைக்கீரை நல்ல கீரைதான். பாலைவிடப் பதினேழு மடங்கு கால்சியம் என்று பொட்டலத்தில் எழுதி விற்கிற பொடியை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீரெல்லாம் வற்றிய பொடி 100 கிராமையும், பெரும்பகுதி தண்ணீராகவே இருக்கும் பால் 100 கிராமையும் ஒப்பிட்டு வந்த எண் அது. ஒரு நாளில் நீங்கள் அந்தப் பொடியில் இரண்டு கரண்டிதான் சாப்பிடப் போகிறீர்கள்.

இலையை மட்டும் வைத்து உங்கள் கால்சியம் நிரம்பாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் வயதுக்கு நாளொன்றுக்கு 800 மில்லிகிராம், 51 வயதிலிருந்து 1,000. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. அரைக் கிண்ணத்தில் ஆரம்பித்துப் பாருங்கள். தௌ குவா, அதாவது கெட்டியான டோஃபு, கால்சியம் உப்பு போட்டு உறையவைத்ததா என்று பொட்டலத்தில் பார்த்து வாங்குங்கள். அது நல்ல கால்சியம், பாலைப் போலவே சேரும். வழவழவென்று இருக்கும் முட்டை டோஃபுவை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கால்சியம் சேர்த்த சோயா பானம் இன்னொரு வழி. குடிக்குமுன் குலுக்குங்கள், சத்து அடியில் தங்கிவிடும். வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று அடுத்த பரிசோதனையில் பார்க்கச் சொல்லுங்கள். வருடம் முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் இருந்துகொண்டு, நாம் குளிர்சாதன அறையிலிருந்து எம்ஆர்டி ரயிலுக்கும் எம்ஆர்டியிலிருந்து குளிர்சாதன அறைக்கும்தானே போகிறோம்.

ஆக, வாரத்தில் நான்கு நாள் கைலானோ சாய் சிம்மோ, இரண்டு நாள் கீரை. அந்தக் கீரை நாளில் மாமியாரே சமைக்கட்டும், லீமாவ் பிழிவது மட்டும் உங்கள் வேலை. கீரை தோற்றுவிட்டது என்று அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள். இரும்புக்குக் கீரைதான் மேல் என்று சொல்லுங்கள்; அது உண்மையும்கூட. கைலான் தண்டை நீங்களே தோல் சீவிக் கொடுத்து, கூட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். புதுக் காயை எதிர்க்கிற கைகள் தாளிப்பில் இறங்கிவிட்டால் பெரும்பாலும் சமாதானமாகிவிடும்.

இதில் எதையும் நாளைக்கே ஆரம்பிக்காதீர்கள். மாமாவுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதி என்று பாருங்கள். வீட்டுச் சமையல் இப்படி மாறப்போகிறது, வாரத்துக்கு இத்தனை நாள் பச்சைக் காய் என்று அந்த மருந்தகத்துக்கு முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் சந்தைக்குப் போங்கள்.